ஏரி வாரியப் பெருமகன்

நியூ ஜெர்சியில் ஏப்ரல் பிறந்தால் இரண்டு தரப்பினருக்குத் தூக்கம் போய்விடும். வருமான வரிக் கணக்கை இன்னும் தாக்கல் செய்யாதவர்கள் ஒரு தரப்பு. கொல்லையில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் மறு தரப்பு. வரிக்காரர்கள் பாடு தேவலை. 15ஆம் தேதிக்குள் முடியாவிட்டால் ஒரு படிவத்தைப் போட்டுவிட்டுக் கணக்கை அக்டோபர் வரை இழுத்தடிக்கலாம். பாசியிடம் படிவம் செல்லாது. தண்ணீரின் சூடு 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும், நம்மூர்க் கணக்கில் 15, 16 டிகிரி வந்ததும், அது பாட்டுக்குப் படரத் தொடங்கிவிடும். அந்தத் தண்ணீரில் மனிதன் கால் வைத்தால் பல் கிட்டும். பாசிக்கு அதுதான் வசந்தம்.

மேட்டூர் அணைக்கு ஜூன் 12 எப்படியோ, இங்கே வீட்டுக் குளங்களுக்கு மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அப்படி. மெமோரியல் டே. அன்றைக்குக் குளம் திறந்திருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். மேட்டூரில் மதகைத் திறந்ததும் பூத்தூவ அமைச்சர்கள் வருவார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை மேப்பிள் மரம் பார்த்துக்கொள்கிறது. இறக்கை வைத்த விதைகளை வாரக்கணக்கில் தூவிக்கொண்டே இருக்கும். போதும் என்றாலும் கேட்காது.

இந்தக் குளத்தை நாங்கள் ஆசைப்பட்டு வெட்டவில்லை, வீட்டோடு வந்தது. வீடு பார்க்கப் போனபோது கூட வந்த நண்பர், கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தார். "ஈசானிய மூலையில நீர்நிலை. கொடுத்து வெச்சவங்க நீங்க. பேரம்கூடப் பேசாதீங்க" என்றார். அந்த நீர்நிலையை ஆண்டுதோறும் யார் கழுவுவது என்பதற்கு வாஸ்து சாஸ்திரத்தில் அத்தியாயம் இல்லை போலிருக்கிறது.

நம்மவர்கள் ஒரு காலத்தில் இதற்கெல்லாம் ஏற்பாடு வைத்திருந்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது. குடவோலையில் ஆறு பேரை எடுப்பார்கள். பதவிக் காலம் 360 நாள். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவுக்காரர்களும் நிற்கவே முடியாது. கடந்த மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவனுக்கும் இடமில்லை.

எங்கள் வீட்டு ஏரி வாரியத்தில் அந்த ஆறு பேரும் நான்தான். வயது சரி. மனை சொந்தமா என்பதை வங்கியைத்தான் கேட்க வேண்டும். நிலம் கால் ஏக்கர். கால் வேலியில் ஏழில் ஒரு பங்கு தேறினால் அதிகம். வரி மட்டும், இது நியூ ஜெர்சி என்பதால், சோழனே கூச்சப்படும் அளவுக்குக் கட்டுகிறேன். மூன்றாண்டு விதியைக் காட்டி ராஜினாமாக் கடிதம் நீட்டினால் மனைவி வாங்க மறுக்கிறாள். கணக்குக் காட்டும் விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

குளத்தைத் திறந்துவைக்க நிறுவனங்கள் இருக்கின்றன. சில நூறு டாலர் கொடுத்தால் இரண்டு பையன்கள் வண்டியில் வந்து காலையிலேயே முடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் பொறியியல் படித்துவிட்டு வந்த தமிழனுக்கு யூடியூப் என்று ஒன்று இருக்கும்வரை இன்னொருவனுக்குக் காசு கொடுக்க மனசு வராது.

பனி விலகியதும் எங்கள் குளத்தின் மேலே இன்னொரு குளம் இருக்கும். செப்டம்பரில் குளத்தை மூடும்போது தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, குழாய்களுக்குள் காற்றடித்துக் காலி செய்து, வாயில் ரப்பர் அடைப்பான் திருகிவிடுவோம். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். குழாயில் தங்கினால் குழாயைக் கிழித்துவிடும். அப்புறம் மேலே பெரிய தார்ப்பாய். சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய பைகளை அடுக்கிப் பாய் பறக்காமல் பாரம் வைப்போம். ஆறு மாத மழையும் உருகிய பனியும் ஓக் மரத்து இலைகளும் அந்தப் பாயின் மேல்தான் குடியிருக்கும். ஏப்ரலில் எட்டிப் பார்த்தால் கறுப்புத் தண்ணீர், அதில் அழுகிய இலை, அந்த இலைக்கு நடுவே வாலை ஆட்டிக்கொண்டு தலைப்பிரட்டைகள்.

இதே ஏப்ரலில்தான் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வருவார். விசா ஆறு மாதம். குளமும் ஏறத்தாழ அவ்வளவு காலம்தான். வந்திறங்கி, தூக்கக் கலக்கத்தோடு கொல்லைக் கதவைத் திறந்து பார்த்ததும் முதல் தீர்ப்பு வந்துவிடும்.

"இதுல என்னப்பா சுத்தம் பண்றதுக்கு இருக்கு? தவளை இருக்குற தண்ணிதான் நல்ல தண்ணி."

மகள் உடனே அப்பாயி கட்சி. தலைப்பிரட்டைகளை வீடற்றவர்கள் ஆக்குவது அறமா என்று கேட்டாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பேத்தி வாளியில் மொண்டு கொடுக்க, எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மழைநீர் தேங்குவதற்காகத் தோண்டி வைத்திருக்கும் பள்ளத்துக்கு நான் சுமந்து கொண்டுபோய் விட வேண்டும். ஒவ்வொரு வாளியும் கிளம்பும்போது மகள் அவற்றுக்கு ஆங்கிலத்தில் விடை கொடுத்தாள். அம்மா தமிழில் ஆசீர்வாதம் செய்தார். சுமந்தவனுக்கு எந்த மொழியிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பாயின் மேல் தேங்கிய தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் உறிஞ்சி வெளியேற்றும். அடியில் மிஞ்சும் சேற்றை அது தொடாது. அந்தச் சேறு குளத்துக்குள் சரியாமல் பாயை உருவுவதுதான் இந்தத் தொழிலில் உயிர்நிலையான கட்டம். இரண்டு பக்கமும் ஆள் நின்று, ஒரே அளவில் தூக்கி, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். ஒரு பக்கம் நானும் மனைவியும். மறு பக்கம் எதிர்வீட்டுப் பெரியவரும் மகளும். பெரியவர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன், டூ, த்ரீ சொல்லித்தான் எதையும் செய்வார். அவருடைய த்ரீக்கும் என் மனைவியின் "ஏங்க, உங்க பக்கம் தாழுது"க்கும் இடையே பாய் ஒரு தொட்டில் கட்டி நின்றது. நடைமேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, "தேர் வடம் புடிச்ச ஊர்லேருந்து வந்துட்டு ஒரு பாயை இழுக்கத் தெரியலையே! விட்டுப் புடி, விட்டுப் புடி" என்றார். பெரியவர் அதை என்னவாகப் புரிந்துகொண்டாரோ, விட்டார். பிடிக்கவில்லை.

சேறு முழுவதும் உள்ளே போயிற்று. "இட்ஸ் ஆல் ரைட்" என்றார் அவர். இந்த ஊரில் யாராவது அப்படிச் சொன்னால் அன்றைக்கு மாலைக்குள் வேலை முடியாது என்று பொருள்.

இனி கீழ்க்குளம். நிறம் பச்சை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், கிளிப்பச்சை. அம்மா எழுந்து வந்து விளிம்பில் நின்று ஆழ்ந்து பார்த்தார்.

"இதுல எத்தனை கெணறு?"

கும்பகோணத்துக்காரர் கேட்கும் நியாயமான கேள்வி. மகாமகக் குளத்துக்குள் 20 தீர்த்தக் கிணறுகள். 2016இல் நடந்த மகாமகத்தில் அம்மா நீராடியிருக்கிறார், அடுத்தது 2028. இந்தக் குளத்தில் கிணறு இல்லை அம்மா, பக்கவாட்டில் மூன்று துவாரம் இருக்கிறது, அதன் வழியாக வடிகட்டிய தண்ணீர் வரும் என்றேன். "வர்றது எங்கேருந்து?" இதே குளத்திலிருந்துதான். "போறது?" இதே குளத்துக்குத்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகனை இவ்வளவு செலவு செய்து படிக்கவைத்திருக்க வேண்டுமா என்று அவர் யோசித்தது மட்டும் தெரிந்தது.

குளம் 32 அடிக்கு 16 அடி. இறங்கும் பக்கம் மூன்றரை அடியில் தொடங்கி எட்டு அடி ஆழம் வரை சரியும். மொத்தத்தில் 19,000 கேலன், அதாவது 72,000 லிட்டர். குளிர்காலத்துக்காக ஓர் அடி இறக்கிய தண்ணீரைத் திரும்ப ஏற்ற மட்டும் 14,500 லிட்டர் வேண்டும். தோட்டத்து ரப்பர் குழாயை விட்டுவைத்தால் பகல் முழுக்க ஓடும். ஓடுவது குடிதண்ணீர். அம்மா இந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு சாப்பிடமாட்டார். என் தங்கை சென்னையில் இருக்கிறாள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது நினைவிருக்கும்: 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர். அந்தக் கணக்கில் என் கொல்லையில் கிடப்பது ஒன்றரை வேகன். இதை ஒருமுறை பேச்சுவாக்கில் தங்கையிடம் தொலைபேசியில் சொல்லி வைத்தேன். அப்புறம் குளத்துப் பக்கத்தில் நின்று அவளுக்கு வீடியோ கால் போடுவதை விட்டுவிட்டேன்.

மோட்டார் விஷயத்தில் அம்மா கை ஓங்கிவிட்டது. ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார், ஆறு மாதம் வறண்டு கிடந்தது, போட்டதும் உறுமியதே தவிர இழுக்கவில்லை. நான் யூடியூபில் அரிசோனாக்காரர் ஒருவரின் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பின்னாலிருந்து, "ஏர் புடிச்சிருக்கு. நிறுத்திட்டுத் தண்ணி ஊத்து" என்றார். மூடியைத் திறந்து வாளித் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, ரப்பர் வளையத்துக்குப் பசை தடவி மூடிப் போட்டதும் குபுக்கென்று பிடித்தது. அரிசோனாக்காரர் அதே விஷயத்துக்கு இன்னும் ஏழாவது நிமிடத்தில் வந்துகொண்டிருந்தார். எங்கள் வயலில் அப்பா இருந்தவரை பம்பு செட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர் அம்மாதான். "கரண்டு ஃப்ரீதானே?" என்று கேட்டார். விவசாய மோட்டாருக்குத்தான் அம்மா, அதுவும் தமிழ்நாட்டில்தான்.

வடிகட்டிக்குள் இருப்பது மணல். அரை மில்லிமீட்டர் பருமனில் சலித்த மணல், 50 பவுண்டு மூட்டையாக விற்கிறது; எங்களுடைய தொட்டிக்கு ஆறு மூட்டை பிடிக்கும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இந்த ஆண்டு மாற்றினேன். மூட்டைகளைக் காரிலிருந்து நான் இறக்கும்போது அம்மா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பகல்லயே எறக்குறியே, யாரும் புடிக்க மாட்டாங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கொள்ளிடக் கரையில் வாழ்ந்தவர் கவலை அது. ரசீது இருக்கிறது என்று காட்டினேன். ரசீது அங்கேயும் காட்டுவார்கள் என்றார்.

இனி வேதியியல். என் அனுபவத்தில், குளம் வைத்திருப்பதில் நூற்றுக்கு எழுபது பங்கு வேதியியல், இருபது பங்கு இலை அள்ளுவது, மீதி நீச்சல்.

ஒரு சின்ன பாட்டிலில் முழங்கை ஆழத்துத் தண்ணீரை மொண்டு பூல் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கல்லூரிக்கு இன்னும் போகாத ஒரு பையன் இருப்பான். அதில் சில சொட்டுகளை ஓர் இயந்திரத்தில் விட்டுச் சுழற்றி, அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டுவான். 40 வயதுக்கு மேல் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அறிக்கை தோற்றது: இடது பக்கம் என்னுடைய அளவு, வலது பக்கம் இருக்க வேண்டிய அளவு, நடுவில் சிவப்பு எழுத்து. பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும். காரத்தன்மை 80லிருந்து 120 பி.பி.எம். கால்சியம் 200லிருந்து 400. வெயிலில் குளோரின் சிதைந்துபோகாமல் காக்கும் சயனூரிக் அமிலம் 30லிருந்து 50. குளோரின் குறைந்தது 1, நல்லது 2, 3. எங்களுடையதில் எல்லாமே சிவப்பு. குளோரின் மட்டும் சுழி. பையன் காகிதத்தைப் பார்த்து, அப்புறம் என்னைப் பார்த்து, டாக்டர்கள் பார்க்கும் பார்வை ஒன்று பார்த்தான். சர்க்கரையைக் குறையுங்கள் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தே போனேன்.

சொன்னது வேறு. பாசிநாசினி, தெளிவூட்டி, பாஸ்பேட் நீக்கி, உலோகப் பிடிப்பான் என்று வரிசையாகக் கவுண்டரில் எடுத்து வைத்தான். மனைவிக்கு இந்த இடத்தில்தான் முழுத் திறமையும் வெளிப்படும். திருச்சிக் கடைவீதியில் பாத்திரம் வாங்கிப் பழகியவள். ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பொடி எழுத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்தாள். காரத்தன்மையைக் கூட்டும் டப்பாவின் பின்னால் சோடியம் பைகார்பனேட், 100 சதவீதம் என்றிருந்தது.

"ஏங்க, இது ஆப்ப சோடா."

ஆப்ப சோடாவேதான். மொத்த விலைக் கடைக்குப் போய்ப் பெரிய பையாக வாங்கினோம். 10,000 கேலனுக்கு ஒன்றரைப் பவுண்டு போட்டால் 10 பி.பி.எம். ஏறும், எங்களுக்கு ஏற வேண்டியது 40. கணக்குப் போட்டால் 11 பவுண்டு சொச்சம், ஐந்து கிலோ. குளத்தோரம் நின்று கோப்பை கோப்பையாக நான் அள்ளிப் போடுவதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் ஆப்ப சோடா என்பது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுக்கும் பொருள். "போதும்ப்பா, போதும்ப்பா, பொங்கிடும்" என்று கடைசிக் கோப்பை வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாசிநாசினியில் சிலவற்றில் தாமிரம் இருக்கும். குளத்தில் குளித்தால் பொன்னிற முடி பச்சையாகிவிடுகிறது என்பார்களே, அதற்குக் காரணம் குளோரின் அல்ல, தண்ணீரில் கரைந்த தாமிரம். எதிர்வீட்டுப் பெரியவரின் பேத்திகளை உத்தேசித்து அதை வாங்கவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம். செம்புப் பானையில் வைத்த தண்ணீரை ஊர் முழுக்க விலை கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்களாம்.

மாத்திரைக் குளோரின் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்டில் லாரா புயலை ஒட்டி லூசியானாவில் அந்த மாத்திரை செய்யும் ஆலை ஒன்று எரிந்துபோனது. அதே சமயம் கொரோனாவில் வீட்டோடு கிடந்த அமெரிக்கா குளம் வெட்டத் தொடங்கியது. விளைவு, 2021 கோடையில் வெள்ளை மாத்திரைக்குத் தங்கத்தின் மரியாதை. எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் நல்ல வரன் இருந்தால் சொல்லுங்கள் என்பதைவிட எந்தக் கடையில் மாத்திரை இருந்தால் சொல்லுங்கள் என்பதற்கு வேகமாகப் பதில் வந்த காலம் அது. புதுமனை புகுவிழாவுக்கு வெள்ளிக் குத்துவிளக்கோடு போனவர்களைவிட மாத்திரை வாளியோடு போனவர்களுக்கு முதல் பந்தி.

பச்சைக் குளத்துக்கு மாத்திரை போதாது. ஷாக் வேண்டும். கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள். நம்மூர் மேல்நிலைத் தொட்டியில் பஞ்சாயத்து ஆள் கொட்டும் பிளீச்சிங் பவுடரின் வீரியமான அண்ணன். பகலில் போட்டால் வெயில் தின்றுவிடும், பொழுது சாய்ந்துதான் போட வேண்டும். வாளித் தண்ணீரில் தூளைக் கொட்டிக் கரைக்க வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. மாத்திரை எடுத்த கரண்டியால் இந்தத் தூளைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆகவே கண்ணாடி, கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, கையில் வாளியோடு, இருட்டில் குளத்தைச் சுற்றி நடந்தேன். அடுத்த தெருவில் நாயை நடத்திக்கொண்டு போன அம்மாள் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று வெகு நேரம் பார்த்தார். அவர் எண்ணத்தில் நான் எதைப் புதைத்துக்கொண்டிருந்தேனோ.

வேலி என்றதும் ஞாபகம் வருகிறது. குளத்தைச் சுற்றி நான்கடி உயர வேலி, தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ளும் கதவு. இது சட்டம், இதில் நகைச்சுவை கிடையாது. காப்பீட்டு நிறுவனம் ஆண்டுதோறும் படம் கேட்கும், அனுப்பிவிடுவோம்.

காலையில் பச்சை போய்ச் சாம்பல் வந்தது. பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து வெண்மை கலந்த மங்கல். மோட்டார் இரவு பகலாக ஓட, வடிகட்டியின் அழுத்தமானி பத்துப் புள்ளி ஏறும்போதெல்லாம், தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவும் பேக்வாஷ். அடியில் படிந்ததைத் துடைப்பக் குழாயால் மெல்ல உறிஞ்சி நேராக வெளியே விட வேண்டும்; வேகமாக இழுத்தால் கிளம்பிவிடும், மறுபடி காத்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு காலையில் எட்டடி ஆழத்தில் இருக்கும் வடிகால் மூடியின் திருகாணிகள்கூடத் தெரிந்தன. நீலம். அந்த நீலத்தில் பாதி அடியில் விரித்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் நிறம்; தண்ணீரும் தன் பங்குக்கு ஒளியின் சிவப்பைக் கொஞ்சம் விழுங்கிவிடும். அம்மாவை அழைத்துக் காட்டினேன்.

"அழகாத்தான் இருக்கு. ஒரு உசுரு இல்லை."

உயிர் இல்லாமல் இருப்பதற்குத்தான் அம்மா இவ்வளவு செலவு.

மெமோரியல் டே அன்று சட்டப்படி திறந்தாயிற்று. தண்ணீர் 67 டிகிரி. யாரும் இறங்கவில்லை. மகள் மட்டும் பள்ளி நீச்சல் அணி என்பதால் மானத்துக்காகக் குதித்து, குதித்த வேகத்திலேயே வெளியே வந்தாள். அடுத்து வந்த வாரங்களில் மொத்தக் குடும்பமும் நாள்தோறும் அந்தத் தண்ணீருக்கு மருந்து ஊற்றி, இலை அள்ளி, சூடு பார்த்து, தொடாமல் காப்பாற்றினோம். கூட்டம் வருவது ஜூலை 4க்குத்தான்.

வந்தார்கள். தமிழர்கள் நீச்சல் குளத்தைப் பயன்படுத்தும் முறை தனி. பெண்கள் விளிம்பில் உட்கார்ந்து கணுக்கால் வரை நனைப்பார்கள். ஆண்கள் இடுப்பளவில் இறங்கி வட்டமாக நின்று, கிரீன் கார்டு எந்தத் தேதியில் நிற்கிறது என்று பேசுவார்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் அதே வட்டம், அதே பேச்சுதான். கோபிச்செட்டிபாளையத்து நண்பர் மட்டும் விதிவிலக்கு. தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, அவருடைய மாமா தள்ளிவிட்டு நீச்சல் கற்றவர். ஆழப் பக்கம் நின்று எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இவ்ளோதானா ஆழம்?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார். எகிறிக் குதித்தார். அவர் உள்ளே போன அளவுக்குமேல் தண்ணீர் வெளியே வந்தது. அம்மா நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்து, "கொழாயைப் போடுப்பா" என்றார்.

இன்னொரு நண்பர் மூக்கை உறிஞ்சி, "குளோரின் வாசனையே வரலையே, போட்டீங்களா இல்லையா? எங்க அபார்ட்மென்ட் பூல்ல கேட் கிட்டப் போனாலே தூக்கும்" என்றார். அந்த வாசனை குளோரினுடையது அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமைனுடையது. விளக்கினேன். அவர் தன் அபார்ட்மென்டில் யார் யார் குளிக்க வருகிறார்கள் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட ஆரம்பித்ததை முகத்தில் பார்த்தேன்.

அப்போதுதான் ஆழமில்லாத பக்கத்திலிருந்து ஓர் ஓலம். ஒன்றரை வயதுப் பையன் ஒருவன், நீச்சலுக்கான டயப்பர் கட்டியிருந்தும், தன் காணிக்கையைக் குளத்துக்குச் செலுத்திவிட்டான். ஒரு நொடியில் குளம் காலி. வாழ்நாளில் நீந்தாதவர்கள்கூட அந்த நொடியில் நீந்திக் கரையேறினார்கள்.

இதற்கும் அமெரிக்காவில் விதி இருக்கிறது. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. இதை இரண்டாக வகுத்திருக்கிறது. கெட்டியாக இருந்தால், வலையால் எடுத்துவிட்டு, குளோரின் 2 பி.பி.எம்., பி.எச். 7.5க்குள், தண்ணீர் 77 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்படி வைத்து 25 நிமிடம் காத்திருந்தால் போதும். இளகியிருந்தால் 20 பி.பி.எம். குளோரினில் 12 மணி 45 நிமிடம். ஆக, பட்டாசும் பிரியாணியும் எந்தத் தரத்தில் முடியும் என்பது வகைப்பாட்டைப் பொறுத்தது. ஆறு மென்பொருள் பொறியாளர்கள் கரையில் குனிந்து நின்று ஆய்வு செய்தார்கள். பையனின் தகப்பன், அவர் தரக் கட்டுப்பாட்டுத் துறையில் இருப்பவர், "கெட்டி. சந்தேகமே இல்லை" என்று உறுதிமொழி கொடுத்தார். நான் வலையோடு போனேன். ஏரி வாரியத்தில் எனக்கு உதவியாளர் கிடையாது.

25 நிமிடம் ஓடுவதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்: "மகாமகத்துல அத்தனை லட்சம் பேர் முழுகுனோம். ஒருத்தனாவது இப்படிக் கடிகாரத்தை வெச்சுக்கிட்டு உக்காந்தானா?"

"அங்க சி.டி.சி. இல்லைம்மா" என்றார் பையனின் தகப்பன்.

"அதைத்தான் தம்பி சொல்றேன். சொல்ல ஆள் இல்லாததால முழுகிட்டோம்."

மணி அடித்ததும் பிள்ளைகள் குதித்தார்கள். பெரியவர்களில் கோபிச்செட்டிபாளையத்துக்காரரைத் தவிர ஒருவரும் திரும்ப இறங்கவில்லை. பசிக்கிறது என்றார்கள். மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு வரும் வழியில் என் பக்கம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, யார் காதிலும் விழாமல் சொன்னாள்: "ஏங்க, அந்த வலையை மருந்துத் தண்ணியில முக்கித் தனியா வைங்க. கைப்பிடியில சிவப்பு டேப் ஒட்டுங்க. எது எதுன்னு தெரியாம நாளைக்குக் காலையில அதுலயே இலை அள்ளப் போறீங்க."